இடது காலுக்கு வேலை இல்லாத கார்

பழங்காநத்தம் பக்கம் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட யாரையாவது நிறுத்தி, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் கருத்தக்கண்ணன் என்று பெயரைச் சொல்ல மாட்டார்கள். "கிளச்சு மாஸ்டர்கிட்ட" என்பார்கள். சொல்லிவிட்டுத் தங்களையறியாமல் இடது முழங்காலை ஒருமுறை தடவிக்கொள்வார்கள்.

செக்கானூரணிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை கருத்தக்கண்ணன். பத்து வருஷம் லாரி ஓட்டிவிட்டு, 1974-இல் ஒரு பழைய அம்பாசிடரை வாங்கி, தாயார் பேரில் 'முனியாயி மோட்டார் டிரைவிங் ஸ்கூல்' என்று போர்டு மாட்டினார். கார் ஓட்டுவது என்றால் கிளச்சை மிதிக்கத் தெரிவதுதான், மற்றதெல்லாம் தானாக வரும் என்பது அவர் கட்சி. ஸ்டியரிங்கை யார் வேண்டுமானாலும் திருப்பலாம், ஹாரனைக் குழந்தைகூட அடிக்கும். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒரு அங்குலம் உருளாமல் அரைக் கிளச்சில் எடுப்பவன்தான் டிரைவர்.

அதற்கு அவர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். திருப்பரங்குன்றம் போகிற வழியில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்வார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒட்டினாற்போல ஒரு தீப்பெட்டியை வைப்பார். "எடுங்க வண்டிய. தீப்பெட்டி நசுங்குச்சுன்னா நாளைக்கு வாங்க." ஒரு பேங்க் மேனேஜர் இரண்டு வாரத்தில் பதினோரு தீப்பெட்டியை நசுக்கினார். கருத்தக்கண்ணனின் மனைவி மாயக்காள் அடுப்புப் பற்றவைக்கக் குச்சி இல்லாமல் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கங்கு வாங்கி வந்தாள்.

இப்படிப் பேரும் புகழுமாக இருந்தவருக்கு 1983-ஆம் வருஷம் ஆனி மாசக் கடைசியில் கே.கே. நகரிலிருந்து அழைப்பு வந்தது. அப்போது கே.கே. நகர் பாதி வீடும் பாதி கருவேலங்காடுமாக இருந்த காலம். ஜாம்பியா நாட்டில் எட்டு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து திரும்பிய விஸ்வேஸ்வரன் அங்கே புதுவீடு கட்டியிருந்தார். வரும்போது கப்பலில் ஒரு ஜப்பான் காரும் கொண்டுவந்தார். வந்த மூன்றாம் மாதம் வீட்டு மாடிப்படியில் வழுக்கி வலது காலை ஒடித்துக்கொண்டார். கார் ஷெட்டில் நின்றது. "நான் கத்துக்கறேன்" என்று கிளம்பியவர் அவர் மனைவி பாகீரதி அம்மாள். வயது ஐம்பத்து மூன்று.

கருத்தக்கண்ணனுக்கும் அது தோதான நேரம். அம்பாசிடர் எஞ்சின் வேலைக்காக ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. ஆடி பிறந்தால் புதிதாகச் சேர ஆளும் வராது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

வராந்தாவில் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்த விஸ்வேஸ்வரன் கேட்டார். "ஆட்டோமேடிக் கார் ஓட்டியிருக்கேளா மாஸ்டர்?"

கருத்தக்கண்ணன் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்கிறார். கதவு தானாகத் திறக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தெரியாது என்று சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. "நம்ம ஓட்டாத வண்டி என்ன சார் இருக்கு?" என்றார்.

காரில் ஏறி உட்கார்ந்தார். கதவைத் தானேதான் சாத்த வேண்டியிருந்தது. அது முதல் ஏமாற்றம். இடது காலை நீட்டினார். அங்கே ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தார். இரண்டே பெடல். ஒன்று கழன்று விழுந்துவிட்டதோ என்று கீழே கிடந்த ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன தேடறேள்?" என்றார் இடது பக்கம் ஏறி உட்கார்ந்த பாகீரதி அம்மாள். அவர் மடியில் காரோடு வந்த புத்தகம் இருந்தது.

"ஒண்ணுமில்லம்மா. செருப்பு உறுத்துது."

கியர் கம்பியும் ஸ்டியரிங்குக்குக் கீழே இல்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பிடி நின்றது. பக்கத்தில் வரிசையாக இங்கிலீஷ் எழுத்துகள். நம்பர் பிளேட் படித்துப் படித்து எழுத்துகள் அவருக்கு அத்துப்படி. முதல் எழுத்து 'பி'. பின்னாடி போவதற்கு என்று முடிவு செய்தார். அடுத்தது 'ஆர்'. ரைட் போலாம் என்று கண்டக்டர் சொல்வதுதானே, அது முன்னால் போக. 'என்' என்றால் நிப்பாட்ட. ஜப்பான்காரன் நம்மாளுக்குப் புரிகிற மாதிரிதான் போட்டிருக்கிறான் என்று மனசுக்குள் ஒரு சபாஷ் போட்டார்.

சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லாமல் எஞ்சின் பிடித்தது. ஷெட்டிலிருந்து காரை முன்பக்கமாகவே தெருவுக்கு எடுக்கலாம். பின்னால் சுவரை ஒட்டித் துளசி மாடம் இருந்தது. பிடியை 'ஆர்' எழுத்துக்கு இழுத்து, "ரைட்" என்று தனக்குத்தானே சொல்லி ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கார் துளசி மாடத்தைப் பார்த்துப் பாய்ந்தது.

பதறிப்போன கருத்தக்கண்ணன் லாரிக் காலத்து வழக்கப்படி இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினார். ஒரு கால் கிளச்சுக்கு, ஒரு கால் பிரேக்குக்கு. இந்தக் காரில் இரண்டு காலுக்கும் கிடைத்தது பிரேக்தான். ஆணி அடித்த மாதிரி கார் நின்றது. பாகீரதி அம்மாளின் மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. துளசி மாடத்துக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

"என்ன ஆச்சு?" என்று வராந்தாவிலிருந்து குரல்.

"ரிவர்ஸும் பிரேக்கும் சேத்துப் பாத்தேன் சார். ரெண்டும் நல்லா இருக்கு" என்றார் கருத்தக்கண்ணன்.

பாகீரதி அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். "மாஸ்டர், இதில 'டி'ன்னு போட்டிருக்கே, அதில வச்சா முன்னாடி போகுமாம்."

"அதத்தாம்மா அடுத்து செய்யப்போறேன்."

அன்று அண்ணா நகர் வரை போய்த் திரும்புவதற்குள் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'டி'யில் வைத்து பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாக நகர்ந்தது. "நில்லு, நில்லு" என்று மாட்டை அதட்டுவதுபோல அதட்டினார். வேகத்தைக் குறைக்கிற ஒவ்வொரு இடத்திலும் இடது கால் அவரைக் கேட்காமல் பாய்ந்து போய் அகலமான பிரேக்கை முழுப் பலத்தோடு மிதித்தது. பத்தொன்பது வருஷம் கிளச்சு மிதித்த கால். அதற்கு மெதுவாக என்றால் என்னவென்றே தெரியாது. நாலாவது தடவை நின்றபோது, பின்னால் காய்கறிக் கூடையோடு வந்த சைக்கிள்காரர் காரின் முதுகில் முட்டினார். நல்லவேளை, சிந்தியது அரைக்கூடைக் கத்தரிக்காய் மட்டுந்தான்.

"ஏய்யா, நடுரோட்டுல நின்னு நின்னு சாமி கும்பிடுறியா?" என்று அவர் கத்த, பாகீரதி அம்மாள் இறங்கிக் கத்தரிக்காயைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தார். கருத்தக்கண்ணன் கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் இடது பாதம் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. மாயக்காள் குழம்பு ஊற்றிக்கொண்டே பார்த்தாள்.

"காலுல எறும்பு கடிச்சிருச்சா?"

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் கரண்டி சட்டியில் விழுந்தது. "அந்தக் காலுக்குக் கொஞ்ச நாள் லீவு குடுங்க. இந்த வீட்ல அது ஒண்ணுதான் இம்புட்டு வருசமா ஒழுங்கா வேல பாத்துச்சு."

"கேலி பண்ணாத. அது எங்கிட்டக் கேக்காமப் போயி மிதிக்குது."

"அப்ப மடிச்சு வச்சு அதுமேல உக்காருங்க. எப்படிப் போகும்னு பாப்போம்."

கிண்டலாகச் சொன்னதுதான். மறுநாள் கருத்தக்கண்ணன் அதையே செய்தார். சீட்டில் இடது காலை மடித்து, பந்தியில் உட்கார்கிற மாதிரி உட்கார்ந்து ஓட்டினார். கார் தாலாட்டுகிற மாதிரி போனது. ஒரு குலுக்கல் இல்லை. இரண்டு நாள் அப்படியே ஓட்டினார். பாகீரதி அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்றாம் நாள் அவர் முறை வந்தது. பாகீரதி அம்மாள் டிரைவர் சீட்டில் ஏறினார். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தார். இடது காலை மடித்துச் சீட்டின் மேல் வைத்து உட்கார்ந்தார்.

வராந்தாவிலிருந்து விஸ்வேஸ்வரன் எட்டிப் பார்த்தார். "பாகீ! என்ன பண்றே? கார் ஓட்டப் போறியா, கல்யாணத்தில சாப்பிடப் போறியா?"

"மாஸ்டர் இப்படித்தானே ஓட்டறார்" என்றார் அந்த அம்மாள்.

கருத்தக்கண்ணனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. கார் தெருமுனை வேப்பமரம் தாண்டியது. அப்புறம், "ஓரமா நிப்பாட்டுங்கம்மா" என்றார். நின்றது. "எனக்கு இந்த வண்டி தெரியாதும்மா. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்" என்றார் பாகீரதி அம்மாள்.

"எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. விரிப்பைத் தூக்கிண்டு தேடினேளே, அப்பவே."

"அப்புறம் ஏம்மா என்னைய வரச் சொன்னீக?"

"கார் எப்படி ஓடறதுன்னு புஸ்தகத்தில இருக்கு. மதுரை ரோட்டில எந்தப் பக்கத்திலேர்ந்து எது வரும்னு எந்தப் புஸ்தகத்தில இருக்கு? அது உங்களுக்குத்தானே தெரியும். நான் வாசிக்கறேன், நீங்க ரோட்டைப் பாருங்கோ." சொல்லிவிட்டு, "இப்ப நான் காலைக் கீழே போடலாமா? மரத்துப் போச்சு" என்றார்.

அதற்கப்புறம் பாடம் ஓடியது. ஆனால் கருத்தக்கண்ணனுக்குப் புதுக் கஷ்டம் ஒன்று முளைத்தது. அவருடைய அம்பாசிடரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக், ஒரு கிளச்சு இருக்கும். இந்தக் காரில் அவர் காலடியில் வெறும் தரை. எதிரே பஸ் வந்தால் இரண்டு காலாலும் தரையை அழுத்துவார். ஆடு குறுக்கே வந்தால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு குலசாமியைக் கூப்பிடுவார். கை எப்போதும் நடுவில் இருக்கும் கைப்பிரேக்கின் மேல். பாகீரதி அம்மாளோ, கிளச்சு என்று ஒன்று உலகத்தில் உண்டு என்றே தெரியாதவர். ஒரு பெடலை மிதித்தார், கார் போனது. இன்னொன்றை மிதித்தார், நின்றது. இரண்டே வாரத்தில் திருப்பரங்குன்றம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வருகிற அளவுக்கு வந்துவிட்டார்.

திரும்புகிற வழியில் மேம்பாலத்து ஏற்றத்தில், "நிப்பாட்டுங்கம்மா" என்றார் மாஸ்டர். இறங்கிப் போய்த் தீப்பெட்டியை வைத்தார். "இப்ப எடுங்க." கார் பின்னால் ஒரு மயிரிழைகூட வராமல் ஏறிப் போய்விட்டது. தீப்பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. பேங்க் மேனேஜருக்குப் பதினோரு பெட்டி ஆன வித்தை. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கருத்தக்கண்ணன் காரை நோக்கி நடந்தார். நடை கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது.

"சரியாப் பண்ணினேனா?" என்று கேட்டார் பாகீரதி அம்மாள்.

"நீங்க எங்கம்மா பண்ணுனீக, வண்டியில்ல பண்ணுது" என்றார். சொன்ன பிறகு வருத்தமாகிவிட்டது. "நல்லாத்தாம்மா எடுத்தீக" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆடி முடிந்து டெஸ்ட் நாள் வந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் காரை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனார். இறங்கியதும் பேனா மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். கண்ணியமான மனுஷர். "ரொம்ப நல்லா ஓட்டுறீங்கம்மா. ஆனா நான் குடுக்கிற லைசென்ஸுக்கு இந்தக் கார், அந்தக் கார்னு கணக்குக் கிடையாது. இன்னைக்கு இதுல பாஸ் போட்டு, நாளைக்கு நீங்க ஒரு அம்பாசிடர எடுத்தா ரோட்டுல போற ஜனம் என்ன ஆகுறது? கிளச்சு வச்ச வண்டியில ஓட்டிக் காட்டுங்க. அன்னைக்கே தாரேன்."

பாகீரதி அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது. கருத்தக்கண்ணன் வருத்தப்படுகிற மாதிரி தலையை ஆட்டினார். உள்ளுக்குள் தீபாவளி. "கவலப்படாதீகம்மா. கிளச்சுன்னா என்னன்னு நான் காட்டுறேன். நாளைக்கே என் வண்டி ஒர்க்‌ஷாப்லருந்து வந்துரும்" என்றார். ஒன்றரை மாதத்தில் முதல்முறையாக அவர் மீசையைத் தடவிக்கொண்டது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலை ஒர்க்‌ஷாப் வாசலில் பாகீரதி அம்மாள் காத்திருந்தார். கழுவித் துடைத்த அம்பாசிடரில் கருத்தக்கண்ணன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தார். "மொதல்ல நான் ஓட்டுறேன். காலை மட்டும் பாருங்க. வேற எதையும் பாக்காதீக."

எடுத்தது என்னவோ சுத்தமாக எடுத்தார். இரண்டாவது, மூன்றாவது கியர் எல்லாம் ராஜநடை. பழங்காநத்தம் சந்திப்பில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். கருத்தக்கண்ணன் பிரேக்கை மிதித்தார். இடது கால் ஒன்றரை மாத லீவில் சுகம் கண்டுவிட்டிருந்தது. அது அசையவே இல்லை. கார் நாலு குலுக்குக் குலுக்கி, ஒரு முக்கல் முக்கி, செத்து நின்றது. அவசரமாகச் சாவியைத் திருப்பினார். கியரில் இருந்த வண்டி வெள்ளாடு மாதிரி ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி நின்றது. போலீஸ்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. அதன் டிரைவர் முத்திருளன் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினான். முனியாயி டிரைவிங் ஸ்கூலின் முதல் வருஷத்து மாணவன். தலையில் குட்டு வாங்கி வாங்கிக் கற்றவன்.

"மாஸ்டரா? என்னண்ணே, புதுசாப் பழகுறீகளா?"

பஸ்ஸில் இருந்த பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

பாகீரதி அம்மாள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "மாஸ்டர், என் காலைத்தான் நீங்க கெடுத்துட்டேள்னு நினைச்சேன். உங்க காலை என் கார் கெடுத்துடுத்து போலிருக்கே" என்றார். அதைக் கேட்ட பிறகு கருத்தக்கண்ணனாலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சிரிப்போடு கிளச்சை மிதித்து, கியரை நடுவில் தள்ளி, வண்டியை எடுத்தார்.

அம்மாளுக்குக் கிளச்சு வர ஒரு மாதமும் ஏழு தீப்பெட்டியும் ஆயிற்று. திட்டுவதற்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு அந்த டவுன் பஸ் ஞாபகம் வந்து வாய் மூடிக்கொண்டது. அந்த மாதம் சேர்ந்த புது ஆட்கள், கிளச்சு மாஸ்டர் ரொம்பத் தங்கமான மனுஷர், ஊரில் அநியாயமாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். புரட்டாசியில் இரண்டாவது டெஸ்ட். இன்ஸ்பெக்டர் சொன்னபடி கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசி மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாவுக்கட்டுப் பிரித்த விஸ்வேஸ்வரன் கைத்தடியோடு திருவாதவூருக்குக் கிளம்பினார். கால் சுகமானதற்கு அந்த ஊர்ச் சிவன் கோயிலில் ஒரு வேண்டுதல் பாக்கி. மாஸ்டரும் சம்சாரமும் கட்டாயம் வர வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கருத்தக்கண்ணன் வழக்கம்போல முன்கதவைத் திறக்கப் போனார்.

"அங்க இல்லை. பின்னாடி" என்றார் பாகீரதி அம்மாள். டிரைவர் சீட்டில் அவர், பக்கத்தில் விஸ்வேஸ்வரன்.

பின் சீட்டில் மாயக்காள் ஏற்கெனவே பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கருத்தக்கண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடைமேல் வைத்துக்கொண்டார். லாரியில் கிளீனராக ஏறிய நாளிலிருந்து கணக்குப் போட்டால், ஒரு காரின் பின் சீட்டில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

ஒத்தக்கடை தாண்டும்வரை அவர் முன்கண்ணாடியையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வைக்கோல் வண்டியை அம்மாள் ஒதுங்கிக் கடந்த லட்சணத்தைப் பார்த்த பிறகு மெல்லச் சாய்ந்துகொண்டார். பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார். ஈரக்காற்று அடித்தது. யானைமலை முழுசாக நனைந்து கறுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரத்தில் ரோட்டை ஒட்டி ஒரு கண்மாய், கரையை முட்டிக்கொண்டு தண்ணீர். நடுவில் நின்ற கருவேல மரங்களில் வெள்ளை வெள்ளையாகக் கொக்கு.

"இது எந்தக் கம்மாயி?" என்றார்.

மாயக்காள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "எங்க சின்னம்மா ஊருக்கு இந்த வழியா எத்தன தடவ லோடு அடிச்சிருக்கீக. தெரியாதாக்கும்?"

"வந்திருக்கேன். ரோட்டத்தானே பாத்தேன்."

அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடலை மிட்டாயை அவர் கையில் வைத்தாள். அதைக் கடித்துக்கொண்டே கருத்தக்கண்ணன் கழுத்தை வெளியே நீட்டி, கரை எங்கே முடிகிறது என்று பார்த்தார். கண்மாய் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

"அம்மா" என்றார் முன் பக்கம் குனிந்து. "கொஞ்சம் மெதுவாப் போங்களேன். பாத்துக்கிட்டே போவோம்."